பழைய நோட்டுகளை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நம் கடற்கரை மக்கள் தாங்கள் எழுதி வைத்திருக்கும் சொந்தக் குறிப்புகளை ஆராய்ச்சிக்குத் தர முன்வர வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓய்வுபெற்ற நூலகர். மனிதர்கள் தங்களுக்கு வேண்டிய தகவலை எங்கே குறித்து வைக்கிறார்கள், பிறகு எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்பதை ஆராய ஒரு துறையே இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் டேவிட் கார்கரின் குழுவினர் 2008-இல் துண்டுக் குறிப்புகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அப்புறம் லிஸ்ட்-இட் என்ற எளிய குறிப்பு மென்பொருளைச் செய்து கொடுத்து, அதைப் பயன்படுத்தியவர்களில் சம்மதித்தவர்களின் குறிப்புகளை வாங்கிப் படித்தார்கள். ஆனால் அதெல்லாம் கணினி முன் வேலை பார்ப்பவர்களின் குறிப்புகள்.

நம் கரையில் குறிப்பு எழுதுகிற விதமே வேறு. பாம்பனில் விசைப்படகு ஓட்டுகிறவரின் நோட்டைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் மீன் கிடைக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். பாயிண்ட், டீசல் கணக்கு, ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ், இறால் விலை, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் இருக்கும். நோட்டு நனைந்துவிடும் என்று முக்கியமான எண்ணைப் படகுப் பலகையிலேயே எழுதிவிடுகிறவர்களும் உண்டு. சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் கடலில் இறங்குகிறவர்கள். அவர்கள் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்ட தேதிக்குப் பக்கத்திலேயே எடுத்த கிலோவும் இருக்கும். கீழக்கரையில் சில வீடுகளில் தாத்தா காலத்துக் கணக்கு அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில் கிடக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத வராதவர்கள் வாட்ஸ்அப்பில் தங்களுக்கே குரல் பதிவு அனுப்பி வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் குறிப்புதான், அதையும் கொடுக்கலாம்.

கொடுக்கிறவர்கள் தயவுசெய்து நல்ல நோட்டில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டாம். அடித்தல், திருத்தல், ஓரத்தில் செருகிய எண், எதன்மேல் எது எழுதப்பட்டது என்பதில்தான் ஆய்வாளருக்கு விஷயம் இருக்கிறது. படியெடுத்தால் அது போய்விடும்.

மீனவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பாயிண்ட் வெளியே போனால் பிழைப்பு போகும். எல்லைக்கோட்டுப் பக்கத்துப் பாயிண்ட் யார் கையில் போய்ச் சேருமோ என்ற பயமும் நியாயமானது. அட்வான்ஸ் வாங்கியவரின் பெயர் நோட்டில் இருக்கிறது, அவர் இதற்குச் சம்மதம் சொல்லவில்லையே! ஆகவே எதை மறைப்பது என்று நோட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் தாளை வைத்து மூடி, அவர் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து, நோட்டை அங்கேயே திருப்பித் தந்துவிட வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தாளில் இருந்து கணினிக்கு ஏற்றிய தகவலுக்கும் பொருந்தும். ஆனால் அதிலேயே ஆராய்ச்சிக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. என்ன எடுக்கிறார்கள், எதற்கு, பின்னால் வேண்டாம் என்றால் அழிப்பார்களா என்பதைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டு ஒரு படியை நோட்டுக்காரரிடம் கொடுக்கட்டும்.

மாவட்டத்துக் கல்லூரிகளின் நூலகத் துறையும் கணினித் துறையும் சேர்ந்து இதைத் தொடங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மாணவர்களை அந்த நாட்களில் அனுப்பினால், உட்கார்ந்து நோட்டைப் பிரித்துக் காட்டி விளக்கம் சொல்ல ஆட்களுக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
தங்கச்சிமடம்.