டிஸ்சார்ஜ் மறுபரிசீலனை: மனுக்கள் தோற்பது மூன்றாவது கேள்வியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பி, பிறகு ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்ட அமெரிக்க வீரர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் யாரும் தொடாத பொருள், பாராட்டுகள். ஆனால் இரண்டு இடங்களில் சறுக்கியிருக்கிறது. 'மன அதிர்ச்சி என்று எழுதிக் கொடுத்தால் பழைய குற்றத்தைத் துடைத்துவிடுகிறார்கள்' என்கிறது ஓரிடம். 'டிஸ்சார்ஜ் ஆகி 15 ஆண்டு கடந்துவிட்டால் வழியே இல்லை' என்கிறது இன்னோரிடம். முதலாவதை நம்புகிறவர், டிஸ்சார்ஜ் (படையிலிருந்து விடுவிப்பு) தரத்தை உயர்த்தக் கேட்டு ராணுவ வாரியங்களுக்கு அரைகுறை மனு போட்டுத் தோற்பார். இரண்டாவதை நம்புகிறவர் மனுவே போடமாட்டார். அமெரிக்கப் படையில் பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படையை விட்டு வருகிறவருக்கு டிடி-214 என்ற சான்று தருகிறார்கள். அவருடைய தலையெழுத்து அதன் 24ஆம் கட்டத்தில் இருக்கிறது. ஆனரபிள், ஜெனரல், அதர் தேன் ஆனரபிள், பேட் காண்டக்ட், டிஸ்ஆனரபிள் என்று மேலிருந்து கீழாக இறங்கும் ஐந்து தரங்களில் ஒன்று அங்கே அச்சாகியிருக்கும். கடைசி இரண்டையும் ராணுவ நீதிமன்றம் மட்டுமே விதிக்கலாம். மற்றவை நிர்வாக உத்தரவில் வருபவை. மூன்றாவது தரம் கொடுக்குமுன், வெளியேற்றம் பற்றித் தனி வாரிய விசாரணை கேட்க வீரருக்கு உரிமை உண்டு என்றாலும், 'வீட்டுக்குப் போனால் போதும்' என்ற மனநிலையில் இருக்கும் இருபது வயதுப் பையன் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். ராணுவ நீதிமன்ற வழக்கைத் தவிர்க்கத் தானே டிஸ்சார்ஜ் கேட்டு எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு. அந்தக் கையெழுத்தின் விலை பிறகுதான் தெரியும். ஜெனரல் என்றால் ஜிஐ பில் கல்வி உதவி போய்விடும். அதர் தேன் ஆனரபிள் என்றால் முன்னாள் படைவீரர் நலத்துறையின் பெரும்பாலான கதவுகளில் நின்று வாதாட வேண்டும்.

28ஆம் கட்டத்தில் வெளியேற்றத்துக்கான காரணம் 'ஒழுங்கீனம், போதைப்பொருள்' என்பதுபோல் எழுத்தில் இருக்கும். 26இல் பிரிவுக் குறியீடு, 27இல் மறுசேர்க்கைக் குறியீடு. வேலை கொடுப்பவர்கள் கேட்பது இந்தக் கட்டங்கள் உள்ள 'மெம்பர்-4' பிரதியை. மனுதாரர்கள் பலர் 24ஐ மாற்றுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு மற்றவற்றை மறந்துவிடுகிறார்கள். தரம் ஆனரபிள் ஆகிவிடும், காரணம் மட்டும் 'ஒழுங்கீனம்' என்றே நிற்கும். அந்தத் தாளை எந்த மேலாளரிடம் நீட்டுவது? 24, 26, 27, 28 நான்கையும் எண் சொல்லிக் கேட்க வேண்டும்.

இது சிலரின் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 57,141 பேருக்கு, அதாவது 62 சதவீதத்தினருக்கு, வெளியேறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் பிடிஎஸ்டி (போர் போன்ற கொடும் அனுபவத்துக்குப் பின் வரும் மன அதிர்ச்சி நோய்), மூளைக்காயம் அல்லது வேறு சில மனநலப் பாதிப்புகள் இருப்பதாக மருத்துவர்களே பதிவு செய்திருந்தார்கள். அந்த 57,141 பேரில் 23 சதவீதத்தினருக்குக் கிடைத்தது அதர் தேன் ஆனரபிள்.

இனி மறுபரிசீலனைக்கு வருவோம். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் காலத்தில் பிடிஎஸ்டி என்ற நோய்ப் பெயரே கிடையாது. 1980இல்தான் அது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறியது. 2014 செப்டம்பரில் அன்றைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், பிடிஎஸ்டியைக் காரணம் காட்டி டிஸ்சார்ஜ் தரத்தை மாற்றக் கேட்கும் மனுக்களைத் தாராள மனதோடு பரிசீலிக்க வேண்டும் என்று வாரியங்களுக்கு உத்தரவிட்டார். அவரும் வியட்நாமில் போரிட்டவர். 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை அதிகாரி கர்ட்டா வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பான 'கர்ட்டா மெமோ'தான் இன்றைக்கும் வாரியத்தின் மேசையில் இருக்கும் அளவுகோல். அது வைக்கும் கேள்விகள் நான்கு. டிஸ்சார்ஜை மன்னிக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ இடம் தரும் பாதிப்போ அனுபவமோ இருந்ததா? அது பணிக்காலத்தில் நேர்ந்ததா? அது உண்மையிலேயே இந்த டிஸ்சார்ஜின் கடுமையைக் குறைக்கிறதா? டிஸ்சார்ஜைவிட அதன் எடை அதிகமா?

முதல் இரண்டும் பலர் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. பணியில் இருந்தபோது மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனுதாரரின் வாக்குமூலம் மட்டுமே போதுமானதாகலாம் என்று மெமோ வெளிப்படையாகச் சொல்கிறது. ஒழுங்கீனமே நோயின் அடையாளமாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. நலத்துறை ஏற்கெனவே பிடிஎஸ்டியைப் பணியால் வந்தது என்று ஏற்றிருந்தால் இந்த இரண்டு கேள்விகளும் ஏறக்குறைய முடிந்த மாதிரி.

மனு விழுவது மூன்றாவதில். நோய் இருந்தது என்பதற்கு நூறு பக்கம் மருத்துவச் சீட்டு இருக்கும். அந்த நோய் இந்தக் குறிப்பிட்ட தவறுக்கு எப்படி இட்டுச் சென்றது என்பதற்கு ஒரு பக்கம்கூட இருக்காது. வாரியம் 'பிடிஎஸ்டி இருந்ததை ஏற்கிறோம், தொடர்பு காணப்படவில்லை' என்று முடித்துவிடும்.

தொடர்பைக் காட்டச் சிறந்த கருவி ஒரு தேதிப் பட்டியல். இடது பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலது பக்கம் ஆதாரம். எடுத்துக்காட்டாக: ஒருவர் பணியில் சேர்ந்து முதல் மூன்று ஆண்டுகள் ஒரு தண்டனைகூட இல்லை, நன்னடத்தைப் பதக்கம் இருக்கிறது. நான்காம் ஆண்டு பிப்ரவரியில் வண்டிக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. ஜூலையில் நாடு திரும்புகிறார். செப்டம்பரில் காலை அணிவகுப்புக்கு முதல் தாமதம், நவம்பரில் சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா, ஜனவரியில் சார்ஜென்ட்டிடம் கத்தியதற்குத் தண்டனை. தனித்தனியாகப் பார்த்தால் இவை மூன்று குற்றங்கள். வரிசையில் வைத்தால், தூங்க முடியாதவன் விடியற்காலை அணிவகுப்பைத் தவறவிடுவதும், தூக்கத்துக்காகப் புகைப்பதும், சட்டென்று வெடிப்பதும் தெரியும். நோயின் வேதனைக்குத் தானே மருந்து தேடிப் போதைக்குப் போனதைக் கணக்கில் எடுக்கலாம் என்று மெமோவில் தனி வரியே இருக்கிறது. குண்டுவெடிப்புக்கு முன்பே இதே தவறுகள் நடந்திருந்தால் அதை மறைக்கக் கூடாது, வாரியத்தின் கையில் கோப்பு இருக்கிறது. பிறகு எத்தனை மடங்கு கூடியது என்று காட்டலாம்.

'அன்றே ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்வி நிச்சயம் வரும். பதில் படையின் காகிதத்திலேயே கிடைக்கலாம். போர்முனையிலிருந்து திரும்பும்போது டிடி-2796 என்ற உடல்நலக் கேள்விப் படிவம், 90 முதல் 180 நாளைக்குள் டிடி-2900 என்ற இரண்டாவது படிவம். முதல் படிவத்தில் கெட்ட கனவு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்திருப்பார்கள். 'ஆம்' என்றால் முகாமிலேயே நிறுத்திவைப்பார்கள், வீட்டுக்குப் போவது தள்ளிப்போகும் என்ற பயம். இரண்டாவதில் சில 'ஆம்' தலைகாட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நோய் எப்போது எழுந்தது என்பது வாரியத்துக்கே தெரியும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் படிவங்களை மொத்தமாகச் சேர்த்து அனுப்பிவிட்டால் முதல் படிவத்தின் 'இல்லை' மனுதாரருக்கு எதிராகத் திரும்பும்.

மருத்துவரின் கடிதமும் இப்படித்தான். 'இவருக்கு பிடிஎஸ்டி உள்ளது, சிகிச்சையில் இருக்கிறார்' என்ற இரண்டு வரி மூன்றாவது கேள்விக்கு உதவாது. படைப் பதிவுகளைப் படித்துப் பார்த்ததாக மருத்துவர் சொல்ல வேண்டும். எந்த நிகழ்ச்சி, எந்த அறிகுறி, எந்தத் தவறு என்று மூன்றையும் கோக்க வேண்டும். சிடுசிடுப்பு, ஆத்திரம், தன்னை அழித்துக்கொள்ளும் துணிச்சல், தவிர்த்து ஓடுவது எல்லாம் நோய்க்கான வரையறையிலேயே இருப்பவை. எனவே இது வலிந்து செய்யும் வேலையல்ல. 'தொடர்பு இருக்க அதிக வாய்ப்பு' என்ற அளவில் கருத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'இருக்கலாம்' என்று மழுப்பிய கடிதத்தை வாரியம் ஓரமாக வைத்துவிடும். உடன் போரிட்ட இருவர், வீட்டில் இருந்த ஒருவர் எழுதிய வாக்குமூலங்கள் போதும். 'நல்லவன், நம்பலாம்' என்று ஊரிலுள்ள பத்துப் பேர் எழுதுவதைவிட, 'போகுமுன் இப்படி இருந்தான், வந்தபின் விளக்கைப் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தான்' என்று மனைவி எழுதும் ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

கட்டுரையாளர் பயப்படும் 'துடைப்பு' நடக்காத இடமும் இதுவே. திட்டமிட்டுச் செய்த குற்றத்தை மனநலப் பாதிப்பு பொதுவாக மன்னிக்காது என்று அதே மெமோ சொல்கிறது. படிகளுக்குப் பொய்க் கணக்கு எழுதி மாதக்கணக்கில் பணம் எடுத்தவருக்கும், ஒரு ராத்திரி முகாமைவிட்டு நடந்துபோனவருக்கும் ஒரே தராசு கிடையாது. கடுமையான வன்முறை என்றால் நான்காவது கேள்வியில் தட்டு சாய்ந்துவிடும். அதேசமயம், ஆனரபிள் என்ற தரத்துக்குக் குறையே இல்லாத சேவை தேவையில்லை என்றும் மெமோ சொல்கிறது. நான்காவது கேள்விக்குப் பதில் எழுதும்போது மனுதாரர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுவது இதைத்தான். போர்ப் பணிக்காலம், பதக்கங்கள், வெளியே வந்தபின் செய்த வேலை, சிகிச்சையில் நிலைத்து நின்றது எல்லாம் தராசின் இந்தத் தட்டுக்குரியவை. செய்த தவறை மறுத்து எழுதுவதுபோன்ற முட்டாள்தனம் வேறில்லை. உண்மையிலேயே செய்யாதவர் மட்டும் மறுக்கட்டும்.

இன்னொரு வழக்குக் காரணம் கண்ணில் படாமலே போகிறது. முந்தைய 24 மாதங்களுக்குள் வெளிநாட்டுப் போர்ப்பணிக்குச் சென்று வந்தவருக்கு பிடிஎஸ்டியோ மூளைக்காயமோ கண்டறியப்பட்டிருந்தாலும், இருப்பதாக அவர் நியாயமான முறையில் சொன்னாலும், மருத்துவப் பரிசோதனை செய்து முடிவைப் பார்க்காமல் அதர் தேன் ஆனரபிள் தரத்தில் நிர்வாக டிஸ்சார்ஜ் கொடுக்கக் கூடாது. 2009இல் இயற்றிய சட்டம் இது. கோப்பில் அந்தப் பரிசோதனை இல்லையென்றால், 'நியாயமில்லை' என்ற வாதத்தோடு 'முறைப்படி நடக்கவில்லை' என்ற வாதத்தையும் சேர்க்கலாம். ராணுவ நீதிமன்றத் தண்டனைக்கு இது பொருந்தாது.

காலக்கெடு விஷயம். 15 ஆண்டு என்பது டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்கு மட்டும். படிவம் டிடி-293, கட்டணம் கிடையாது. ஆவணங்களை வைத்து மட்டும் முடிவு கேட்கலாம், நேரில் பேசவும் கேட்கலாம். முதலில் ஆவண ஆய்வைக் கேட்டுத் தோற்றால் பிறகு நேர் விசாரணை கேட்க முடியும். நேர் விசாரணையை முதலில் எடுத்தவர் ஆவண ஆய்வு வாய்ப்பை இழந்துவிடுவார். ஆனால் நேர் விசாரணை மனுவும் 15 ஆண்டுக்குள் போய்ச் சேர வேண்டும், 14ஆம் ஆண்டில் விழித்தவர் கணக்குப் பார்த்து நடக்கட்டும். 15 கடந்தவர்களுக்கு ராணுவப் பதிவுத் திருத்த வாரியம் இருக்கிறது. படிவம் டிடி-149. அங்கே மூன்று ஆண்டு வரம்பு சட்டத்தில் இருந்தாலும், நீதியின் நலன் கருதி வாரியம் அதைத் தள்ளிவைக்கலாம். பொது ராணுவ நீதிமன்றம் கொடுத்த டிஸ்சார்ஜை மறுஆய்வு வாரியம் தொடவே முடியாது, அதற்கும் இதுதான் இடம்.

கோப்பு கைக்கு வருமுன் மனுவை அனுப்பக் கூடாது. செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவம் அனுப்பி, பணிக் கோப்பு, டிஸ்சார்ஜ் நடவடிக்கைக் கட்டு இரண்டையும் பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். 1990களுக்குப் பிறகு வெளியேறியவர்களின் மருத்துவக் கோப்பு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும், அதற்குப் படிவத்திலுள்ள முகவரிப் பட்டியலைப் பார்த்து அனுப்ப வேண்டும். 'என் கோப்பு' என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் டிடி-214 நகல்தான் வரும்.

ஏற்கெனவே தோற்றவர்களும் புதிய ஆதாரத்தோடு திரும்ப வரலாம். தாராளப் பரிசீலனையை வாரியங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை என்று முன்னாள் வீரர்கள் குழுவாகத் தொடுத்த வழக்குகளில், தரைப்படை 2021இலும் கடற்படை 2022இலும் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பழைய மனுக்கள் பலவற்றை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

வாரியத்தின் முடிவுக்குக் காத்திருக்கும் நாளில் சிகிச்சைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. போர்ப்பகுதியில் பணிசெய்து, மொத்தம் 100 நாளுக்கு மேல் சேவை உள்ள அதர் தேன் ஆனரபிள் காரருக்கும் நலத்துறை மனநலச் சிகிச்சை தரவேண்டும் என்று 2018இல் சட்டம் வந்துவிட்டது. தற்கொலை எண்ணம் தலைதூக்கிய நெருக்கடியில் அவசரச் சிகிச்சை 2023 ஜனவரி முதல் இலவசம். உதவித்தொகைக்கு நலத்துறை தன் பங்குக்குத் தனியாக டிஸ்சார்ஜை எடைபோடும், எனவே அங்கேயும் விண்ணப்பிக்கலாம். ஒரு எச்சரிக்கை: தொடர்ந்து 180 நாள் அனுமதியின்றி வராதவர்களுக்குச் சட்டமே போட்ட தடை உண்டு. மறுஆய்வு வாரியம் தரத்தை உயர்த்தினாலும் அந்தத் தடை நீங்காது. பதிவுத் திருத்த வாரியம் ஆனரபிளாக உயர்த்தினால் நீங்கும்.

கட்டுரையின் இணையப் பதிப்பில் அந்த '15 ஆண்டு' வரியையாவது திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். வியட்நாம் போர்க்காலத்து மனுதாரர்கள் பெரும்பாலானோருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
டிஸ்சார்ஜ் மறுஆய்வு மனுக்கள் தயாரிக்கும் பணியிலுள்ள வாசகர்