ஒன்பதாவது வந்ததும் ஸ்கவுட்ட நிறுத்திடாதீங்க

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

ஒன்பதாவது பசங்க சிலர் ஸ்கவுட்ல (சாரணர் இயக்கத்துல) இருந்து பேர எடுத்துடுங்கன்னு லெட்டர் கொண்டு வந்தாங்க. எல்லா லெட்டர்லயும் ஒரே காரணம்தான், படிப்பு கெடுது. அதனாலதான் இத எழுதறேன், நீளமாதான் இருக்கும், ராத்திரி சாப்பிட்டுட்டு நிதானமா படிங்க.

ஆறாவதுல ஸ்கார்ஃப், விசில், கேம்ப்னு ஆசையா வந்து சேர்றாங்க. ஸ்கவுட்ல முதல் படியான பிரவேஷ் முடிச்சு, அடுத்த படிகளான பிரதம சோபான், துவிதீய சோபான்னு ஏறி வர்றதுக்குள்ள எட்டாவது முடிஞ்சுடுது, அடுத்து மூணாவது சோபானான திருதீய சோபான், மாநில விருதான ராஜ்ய புரஸ்கார்னு நிஜமான வேலை ஆரம்பிக்கிற நேரத்துக்கு கரெக்டா ட்யூஷன் வந்து நிக்குது. பாதிப் பேர் அங்கதான் விட்டுப் போறாங்க.

மீதிப் பேர் போரடிச்சுப் போறாங்க. வருஷம் பூரா மார்ச்சிங், சீஃப் கெஸ்ட் வந்தா வரிசைல நிக்கறதுன்னே இருந்தா எந்தப் பிள்ளை இருக்கும் சொல்லுங்க? 1907-ல ஸ்கவுட்ட ஆரம்பிச்ச பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல நடத்துன முதல் கேம்ப்லயே பசங்கள பேட்ரல்னு சின்னச் சின்ன குழுவா பிரிச்சு, அவங்கள்லயே ஒருத்தர லீடர் ஆக்கிட்டார். பொறுப்பு கைக்கு வந்த பிள்ளை சீக்கிரத்துல விட்டுப் போகாது, இத நான் கண்ணால பாத்துட்டு வரேன்.

முன்னாடி அமிர்தி பக்கம் நடத்துன ஒரு கேம்ப்ல, அப்ப எட்டாவது படிச்ச பையன் ஒருத்தன், வீட்ல டம்ளர் கூட எடுத்து வைக்க மாட்டான்னு அவங்க அம்மாவே சொன்ன பையன், மூணு மூங்கில கட்டி கைகழுவ பேசின் வைக்கற ஸ்டாண்ட் பண்ணான். தண்ணி ஊத்துனதும் சரிஞ்சுடுச்சு. யாரும் திட்டல. அவனே கயித்த அவுத்து, மறுபடி க்ளோவ் ஹிட்ச்ங்கற முடிச்சுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு சுத்தையும் இறுக்கி இழுத்து, க்ளோவ் ஹிட்ச்லயே முடிச்சான், நின்னுச்சு. அத ஆறாவது பசங்களுக்கு சொல்லிக்குடுடான்னு மாஸ்டர் விட்டுட்டார். இப்ப பத்தாவது படிக்கறான், சனிக்கிழமை முதல் ஆளா வந்து கொடிக்கம்பத்துக்கிட்ட நிக்கறான்.

பொண்ணுங்க விஷயம் வேற. வயசுக்கு வந்ததும் ராத்திரி வெளிய தங்கக்கூடாதுன்னு வீட்ல பெரியவங்க சொல்லிடறாங்க, கேம்ப் போகாத கைடுக்கு (ஸ்கவுட்ல பொண்ணுங்கள கைட்னுதான் சொல்வோம்) அப்புறம் அதுல என்ன இருக்கு? உங்க பயம் எனக்குப் புரியுது. கைட் கேப்டன் டீச்சர் கூடவே தங்குவாங்க, பாத்ரூம், தண்ணி வசதியெல்லாம் பாத்துட்டுதான் இடமே முடிவு பண்றோம், அம்மா யாராவது கூட வந்து தங்கறேன்னா தாராளமா வாங்க.

சர்டிஃபிகேட் எதுக்காவது உதவுமான்னு கேக்கறீங்க. ரயில்வேல ஸ்கவுட்ஸ் கோட்டா இருக்கறது உண்மைதான், ஆனா அதுக்காக மட்டும் சேத்துவிட்ட பிள்ளைங்க பெருசா நிலைச்சதில்ல.

நம்ம வேலூர் வெயில்ல ஒம்போது மணிக்கு மேல கிரவுண்ட்ல நிக்க முடியாது, அதனால சனிக்கிழமை காலைல ஏழுல இருந்து எட்டரை வரைக்கும்தான் மீட்டிங். ட்யூஷன அதுக்கப்புறம் வச்சுக்கங்க. அணைக்கட்டு பக்கமிருந்து பஸ்ல வர்ற பசங்க லேட்டா வந்தாலும் பரவால்ல. பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி லீவு வேணும்னா கண்டிப்பா தருவோம், பேர எடுக்க வேண்டியதில்ல.

அப்பவும் நிறுத்தணும்னா லெட்டர் மட்டும் குடுத்து அனுப்பாதீங்க, பிள்ளையோட நேர்ல வாங்க, அவங்க என்ன சொல்றாங்கன்னும் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம். திருதீய சோபான் டெஸ்டுக்குப் போறவங்க கையெழுத்து போட்ட ஃபாரத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஸ்கவுட் மாஸ்டர்கிட்ட குடுத்துடுங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்