கைகாட்டி போட்டோ கிடைச்சுது

டேய் சேகர்,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பசங்க எல்லாரும் சௌக்கியமா? இங்க எனக்கு முட்டி வலி மட்டுந்தான், ஏணி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ஏறி மட்டும் என்ன பண்ணப்போறேன், ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் போர்டு எழுத எவன் கூப்புடுறான். பொண்ணுக்கு திருப்பாப்புலியூர்லயே வேலை கெடைச்சிருச்சு, அந்த மட்டுக்கும் நிம்மதி.

நீ அனுப்புன இங்கிலாந்து யார்க்‌ஷயர் ரோட்டோர கைகாட்டி போட்டோவ ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்துட்டிருக்கேன். எழுத்த இரும்போட சேத்தே வார்த்துட்டான்டா, மேடா நிக்குது பாரு, பெயிண்டு மொத்தமா உரிஞ்சாலும் எழுத்து எங்கயும் போகாது, என்ன மாதிரி கை நடுங்குறவன்கூட அந்த மேட்டு மேல கருப்ப இழுத்துவிட்டா தீந்துது வேலை. தூரத்தயும் ரெண்டே கால் மைல்னு கால் கணக்கு வரைக்கும் போட்டிருக்கான், நம்மாளு "இதோ பக்கந்தான்"னு சொல்லி மூணு கிலோமீட்டர் நடக்க வுடுவான். ஆனா வார்ப்பிரும்புல ஒரு வம்பு உண்டு, லாரி இடிச்சா தகடு மாதிரி வளையாது, பட்டுனு ஒடிஞ்சிரும், சாதா ராடு வெச்சு வெல்டிங் அடிச்சா ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துலயே விரிசல் வுடும். உங்க ஊர்க்காரங்க காசு போட்டு ரிப்பேர் பண்றாங்கன்னா நல்ல வார்ப்பு பட்டறையா பாக்கச் சொல்லு.

1940ல ஜெர்மன்காரன் எறங்குனா வழி தெரியக்கூடாதுன்னு அங்க ஊரூரா கைகாட்டிய புடுங்கி வெச்சாங்களாம், அப்புறம் 1964ல புது போர்டு சட்டம் வந்து பழசு நெறைய காணாமப் போச்சு, ரெண்டுத்துக்கும் தப்பிச்சு நிக்குதுன்னா கெட்டி ஆயுசுதான்.

எனக்கு புடிச்சது உச்சில இருக்குற வளையம். ‘யார்க்ஸ் டபிள்யூ ஆர்’, அதாவது யார்க்‌ஷயரோட மேற்குப் பகுதி, வெஸ்ட் ரைடிங், அந்த கவுன்சில 1974லயே கலைச்சாச்சு, பேரு மட்டும் முச்சந்தில நிக்குது. நம்ம ஊருல அப்படியா? 1993ல தென்னாற்காட்ட ரெண்டாப் பிரிச்சு நமக்கு தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்னு வெச்சாங்க, 97ல தலைவருங்க பேரையெல்லாம் எடுத்துட்டு வெறும் கடலூர்னாங்க, ரெண்டு தடவையும் எனக்கு நல்ல வருமானம், பொய் சொல்லக்கூடாது. ஆனா இப்ப தென்னாற்காடுன்னு எழுதுன பழைய போர்டு ஒண்ணு பாக்கணும்னா எங்க போவேன்? தகடா இருந்தா தேவனாம்பட்டினம் உப்புக்காத்தே தின்னுரும், கருங்கல் மைல்கல்ல ரோடு அகலம் பண்றப்ப ஜேசிபி தள்ளிருது. பாண்டிச்சேரில பரவால்ல, ஒயிட் டவுன்ல அந்த நீலத் தகடு பிரெஞ்சும் தமிழுமா இன்னும் செவுத்துல இருக்கு, டூரிஸ்டு வர்றான்ல, அதான் காரணம்.

அதனால உங்காளுங்க கிட்ட ஒண்ணு சொல்லு, ரிப்பேர் சாக்குல அந்த வளையத்துல இப்பத்திய கவுன்சில் பேர வார்த்து மாட்டிரப் போறாங்க, மாட்ட வேணாம். பார்க்குல கொண்டு போயும் நட வேணாம், அந்த முச்சந்திய வுட்டு நவுந்தா அது காட்டுற வழி பொய்யாப் போயிரும்.

டிசம்பர்ல வர்றப்ப ஸ்வெட்டர் சாக்லேட்டெல்லாம் வேணாம்டா. அந்த எழுத்துங்க மேல வெள்ளப் பேப்பர வெச்சு பென்சிலால தேச்சு அச்செடுத்துட்டு வா, முழு பலகையும் வேணும், அளவு குறையாம.

உன்
பாலு