கிராண்ட் ஆற்றில் துடுப்பு போட்டேன், பெரியப்பா

கிச்சனர், ஒன்டாரியோ

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம்தானே? பெரியம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியில் தொடர்பு அறுந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஆற்றில் இறங்கினேன். கிராண்ட் ஆறு, ஏறக்குறைய 280 கிலோமீட்டர் ஓடி ஈரி ஏரியில் கலக்கிறது. இரண்டு வருடமாகப் பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்த்ததோடு சரி. என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன்தான் வாடகைக்கு ஒரு கனூ எடுத்து (அவர் அதை வள்ளம் என்றுதான் சொல்வார்) எலோராவுக்குக் கீழேயிருந்து வெஸ்ட் மான்ட்ரோஸ் வரை கூட்டிப்போனார். ஆளுக்கொரு மிதவைச் சட்டை, ஒரு விசில், தண்ணீர் இறைக்க ஒரு டப்பா, 15 மீட்டர் மிதக்கும் கயிறு, இவையெல்லாம் இல்லாமல் படகெடுக்க இங்கே சட்டம் இடம் கொடுக்காது.

பரிசல் மாதிரி இது சுற்றாது, ஆனால் நேராகவும் போகாது. பின்னால் உட்கார்ந்தவன்தான் திசை பிடிக்க வேண்டும், ஒவ்வொரு இழுப்பும் முடிகிற இடத்தில் துடுப்பை வெளிப்பக்கம் லேசாகத் தள்ளிவிட வேண்டும். அது கைக்குப் பிடிபடவே ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை கரைக்குக் கரை முட்டிக்கொண்டே போனோம்.

தண்ணீரைப் பார்க்க மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பெரியப்பா. காவிரிக்கரை நெருஞ்சிப்பேட்டைத் துறையில் நீங்கள் சொல்வீர்களே, வளைவில் வெளிக்கரை ஆழம், உள்கரை மணல் என்று, இங்கே மணலுக்குப் பதில் கூழாங்கல், அவ்வளவுதான். அலை அம்புமுனை போல நம்மைப் பார்த்து நின்றால் அடியில் கல், முனை ஓட்டம் போகும் பக்கம் காட்டினால் வழி. ஒரு வளைவில் வெளிக்கரையில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. ஓட்டம் எங்களை நேராக அதன் கிளைகளுக்குள் இழுத்தது. "உள்ளே, உள்ளே" என்று கத்தி இருவரும் மூச்சைப் பிடித்துத் துடுப்பு போட்டு கூழாங்கல் திட்டில் ஏற்றி நிறுத்தினோம். கால் நடுங்கியது, அப்போது உங்கள் குரல்தான் காதில் கேட்டது.

கோடையில் இந்த ஆறு வற்றாமல் ஓடுவதற்கு மேலே 1942-இல் கட்டிய ஷாண்ட் அணை காரணம், மேட்டூருக்கு எட்டு வயது இளையது. அணை திறப்பைப் பார்த்துத்தான் படகு விடுகிறார்கள். 1784-இல் இந்த ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் நிலத்தை 'சிக்ஸ் நேஷன்ஸ்' என்னும் ஆறு பழங்குடி இனங்களின் கூட்டமைப்புக்கு என்று எழுதிக்கொடுத்தார்களாம், இன்று அவர்கள் கையில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். அண்ணன் இதைச் சொன்னபிறகு வெகுநேரம் பேசாமலே துடுப்பு போட்டோம். சாம்பல் நிறக் கொக்கு ஒன்று, நம் ஊர் நாரையைவிடப் பெரியது, நாங்கள் நெருங்க நெருங்க அடுத்த வளைவுக்குப் பறந்துபோய் நின்றது.

கரையேறிய இடத்தில் 1881-இல் கட்டிய கூரைபோட்ட மரப்பாலம். அதற்குள் மென்னோனைட் (பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்) குடும்பம் ஒன்று குதிரை வண்டியில் போனது, குளம்புச் சத்தம் மரத்தில் மோதி ஆற்றுக்குக் கேட்டது.

உங்கள் பரிசல் துடுப்பு எத்தனை சாண் நீளம், பலகை எத்தனை விரல் அகலம் என்று அளந்து தம்பியிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே மேப்பிள் பலகை கிடைக்கிறது, பனிக்காலத்தில் உட்கார்ந்து ஒன்று செதுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்