நாற்பது ராஜ்மா

மாட்டுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். உன் அம்மாவின் முட்டிவலி மட்டும் மழை ஓய்ந்த பிறகும் ஓயவில்லை. தைலம் தேய்க்கச் சொன்னால் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைப் பார்த்தால் உடம்பு தேறிவிட்டது போலத்தான் இருக்கிறது.

போன வாரம் வீடியோவில் நிலா ஒரு கேள்வி கேட்டாள். நீ சமையலறையில் இருந்தாய், காதில் விழுந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் உயிர்ச்செல்லுக்கு ஒரு மாதிரி (மாடல்) செய்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். நீ வாங்கிக் கொடுத்த பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். ஊதா நிறத்தில் உட்கரு. மடித்து வைத்த ரிப்பன் போல எண்டோபிளாச வலை. ஆரஞ்சு நிறத்தில், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, மூன்று. "தாத்தா, மூன்று போதுமா?" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் உனக்கு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் இது உனக்கு எழுத வேண்டிய கடிதம்தான். ஏறக்குறைய முப்பது ஆண்டு தாமதமாக எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? 1996. நீ ஒன்பதாம் வகுப்பு. பாதியாக வெட்டிய தெர்மாகோல் பந்து ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஃபெவிகால் தடவித் தடவி நீ ராஜ்மா ஒட்டினாய். நாற்பது. உன் அம்மா ஊறவைக்க எடுத்து வைத்திருந்த ராஜ்மா அது. ஏன் நாற்பது என்றால், நான் சொன்னேன். அந்த வாரம்தான் நான் லேப் அட்டெண்டராக இருந்த கல்லூரியில் மேடம் நடத்திய பாடம் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் காதில் விழுந்திருந்தது: ஈரல் செல் ஒன்றில் ஆயிரம், இரண்டாயிரம் மைட்டோகாண்ட்ரியா வரை இருக்கும் என்று. வீட்டுக்கு வந்து பெருமையாக உன்னிடம் சொன்னேன். ஆயிரம் ஒட்ட இடமில்லை, ராஜ்மாவும் இல்லை. இருந்த வரை ஒட்டினாய்.

மறுநாள் அழுதுகொண்டே வந்தாய். புத்தகத்துப் படத்தில் மூன்றுதான் இருக்கிறது, நீயாக ஏன் கூட்டினாய் என்று டீச்சர் கேட்டாராம். மதிப்பெண்ணைக் குறைத்து, திருத்திக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன்? "டீச்சர் சொல்கிறபடி செய். மூன்றை விட்டுவிட்டு மற்றதைப் பெயர்த்துவிடு." நீ காய் நறுக்கும் கத்தியால் பெயர்த்தாய். தெர்மாகோலில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக விழுந்தது. அதன் மேல் பஞ்சை ஒட்டி மறைத்துக் கொடுத்தேன்.

எனக்குத் தெரியும், கோமதி. நீ செய்தது சரி என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் பட்டம் பெற்றவர், நான் குடுவை கழுவும் லேப் அட்டெண்டர். நான் போய் அவரிடம் ஆயிரம் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பயம்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

இப்போது நிலாவின் கேள்விக்கு வருகிறேன். மூன்றும் இல்லை, நாற்பதும் இல்லை, ஆயிரத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ண உட்கார்ந்தால் எண்ண விடாத சரக்கு அது.

ஜேனஸ் கிரீன் என்று ஒரு சாயம் உண்டு. அதை நீர்த்துக் கரைத்து வைப்பது என் வேலை. கன்னத்தின் உட்புறத்தைத் தீக்குச்சியின் பின்முனையால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, அந்தச் சாயத்தை ஒரு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். பிறகு எண்ணெய் வைத்துப் பார்க்கும் லென்ஸுக்குக் கீழே கொண்டுபோனால், பச்சை கலந்த நீலத்தில் பொடிப் புள்ளிகளும் குட்டை நூல்களும் தெரியும். உயிரோடு இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லிவிட்டு நோட்டில் ராஜ்மா வரைந்துவிடுவார்கள். வகுப்பு முடிந்த பிறகு நான் தனியாகப் பார்ப்பேன். நூல்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

அதற்குப் பெயர் வைத்தவரும் நூலைத்தான் பார்த்திருக்கிறார். 1898-இல் பெண்டா என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் மைட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரியான் என்றால் மணி. பல செல்களில் இவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து நீண்ட வலையாகும், மறுபடி துண்டு துண்டாகப் பிரியும், நகரும். ஒரு நிமிடம் பத்தாக இருப்பது அடுத்த நிமிடம் நான்காகிவிடலாம்.

அப்படியானால் புத்தகத்தில் ஏன் அவரைவிதை போல வரைகிறார்கள்? 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகச் செல்லைப் பதப்படுத்தி, மிக மெல்லிய சீவல்களாகச் சீவினார்கள். நீண்டு வளைந்த குழாயைக் குறுக்கே சீவினால் என்ன கிடைக்கும்? புடலங்காயை நறுக்கிப் போட்ட தட்டை மட்டும் பார்த்தவனுக்கு, கொடியில் வளையம் வளையமாகத்தான் காய்க்கும் என்று தோன்றும். அந்தச் சீவல் படம்தான் பாடப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சீவலின் உள்ளே தெரிந்த மடிப்புகள் மட்டும் சத்தியமானவை. அந்த மடிப்புச் சவ்வில்தான் ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம், தயாராகிறது. அதற்கு மூச்சில் வரும் ஆக்சிஜன் வேண்டும். நம் உடம்பு ஒரு நாளில் ஏறக்குறைய தன் எடை அளவுக்கு ஏடிபியை உண்டாக்கிச் செலவழிக்கிறது. கையிருப்போ எந்த நேரத்திலும் மிகக் கொஞ்சம். அன்றாடக் கூலி வாங்கி அன்றன்றே அரிசி வாங்கும் குடும்பம் மாதிரி. மூச்சு சில நிமிடம் நின்றால் ஏன் கதை முடிகிறது என்பது இதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உன் அம்மாவுக்கு மைட்டோகாண்ட்ரியாவில் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று. அது தாய் வழியாக மட்டுமே வருகிறது. விந்தணு கொண்டுவருவது கருமுட்டைக்குள் போனதும் அழிக்கப்பட்டுவிடும். ஆக உன்னிடம் இருப்பதெல்லாம் உன் அம்மாவுடையது, நிலாவிடம் இருப்பதும் அவளுடையதே. இதை நான் ஒருநாள் தெரியாத்தனமாக வீட்டில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நீ எதில் சுறுசுறுப்பாக இருந்தாலும் "என் பங்கு" என்பாள். நானும் விடவில்லை. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. அது ஏறத்தாழ 120 நாள் அப்படியே சுற்றிவிட்டு ஓய்கிறது. "ரத்தத்தில் அந்தச் செல்லில் மட்டும் உனக்குப் பங்கு இல்லை" என்றேன். அன்று இரவு எனக்குத் தயிர் இல்லை.

இன்னொன்று. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. 150 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு செல்லுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுத் தலைமுறையாக இருக்கும் நம் கட்டடத்துப் பகடிக் குடித்தனக்காரர்களைப் போல. யார் யாருக்குச் சொந்தம் என்று இன்று கேட்டால் சொல்ல முடியாது. தன் பத்திரங்களில் பெரும்பாலானவற்றை வீட்டுக்காரரின் அலமாரியில், அதாவது உட்கருவில், கொடுத்துவிட்டது. மனித மைட்டோகாண்ட்ரியா தன் கையில் வைத்திருப்பது 37 ஜீன்கள் மட்டும். நாற்பது ராஜ்மாவில் நீ பெயர்த்தெடுத்ததும் 37. இதற்கு ஒரு பொருளும் இல்லை, வெறும் தற்செயல். ஆனாலும் அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் கத்தி நினைவு வரும்.

இந்தக் குடித்தனக் கதையை விரிவாக எழுதியவர் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1967-இல் கட்டுரை வெளியாவதற்கு முன் பதினைந்து இதழ்கள் போலத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. அவர் யார் சொல்லியும் ராஜ்மாவைப் பெயர்க்கவில்லை.

பெட்டியில் உள்ள மற்றவற்றைப் பற்றி நிலாவுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். ரைபோசோம் என்று புள்ளி குத்தியிருப்பார்கள். ஒரு செல்லில் அவை லட்சக்கணக்கில் இருக்கும், புரதம் எல்லாம் அங்கேதான் கோக்கப்படுகிறது. அதன் வடிவத்தைக் கண்டதற்கு 2009-இல் நோபல் பெற்ற மூவரில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதைச் சொல். அன்று உன் அம்மா அந்த ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு மாடி முழுக்கத் தகவல் சொல்லிவிட்டாள்; ரைபோசோம் என்றால் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கோல்கை உறுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம். அடுக்கிய தோசை போல இருக்குமே, அது. 1898-இல் கோல்கி என்ற இத்தாலியர் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்துச் சொன்னபோது, பலர் அது சாயத்தின் கறை என்றார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் வாயை மூடினார்கள். செய்த புரதத்துக்கு விலாசம் ஒட்டி அனுப்பும் இடம் அது. டப்பாவாலாக்கள் எங்கள் துறைக்கு மதியம் கொண்டுவரும் சாப்பாட்டு டப்பாக்களின் மூடியில் வண்ணத்தில் எழுத்தும் எண்ணும் தீட்டியிருக்கும், பார்த்திருக்கிறாய். செல்லின் குப்பையைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதியின் மேல் அப்படி ஒரு சர்க்கரைக் குறி வைக்கிறார்கள். பிறவியிலேயே அந்தக் குறி வைக்க முடியாத குழந்தைகளும் உண்டு. நொதி சரியாகவே தயாராகிறது, விலாசம் இல்லாததால் செல்லுக்கு வெளியே போய்விடுகிறது. லைசோசோமில் குப்பை செரிக்காமல் தேங்குகிறது. டப்பாவில் சோறு இருக்கிறது, ஆள் பட்டினி.

ஆனால் உவமையை இதற்கு மேல் இழுக்காதே. டப்பாவாலாவுக்குப் படிக்கக் கண் இருக்கிறது. செல்லுக்குள் யாரும் எதையும் படிப்பதில்லை. நெரிசலில் எல்லாம் எல்லாவற்றின் மேலும் முட்டிக்கொண்டே இருக்கின்றன, பொருந்துவது ஒட்டிக்கொள்கிறது. எட்டரை மணிக்குத் தாதர் பாலத்தின் மேல் நீ எந்தப் பக்கம் போனாய் என்பதை நினைத்துப் பார். அவ்வளவு நெரிசல். பெட்டியில் வந்த மாதிரியில் எனக்குப் பிடிக்காதது அந்த வெற்றிடம்தான். ஒவ்வொன்றும் கடற்கரையில் தனித்தனியாகக் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறது.

மாதிரி செய்வதற்கு முன் அவளை ஒரு உண்மையான செல்லைப் பார்க்க வை. சோர் பஜாரில் வாங்கிய என் ஒற்றைக்கண் நுண்ணோக்கியை மாப்பிள்ளை டிசம்பரில் வரும்போது கொடுத்துவிடுகிறேன். அதுவரை அவள் பள்ளியில் கேட்கட்டும். வெங்காயத்தில் ஒரு செதிளை எடுத்து, குழிந்த பக்கம் உன்னைப் பார்க்க வைத்து, ஒடித்து இழுத்தால் கண்ணாடி போல ஒரு தோல் வரும். தண்ணீரில் மிதக்கவிட்டு வெட்டு, காற்றில் வைத்து வெட்டினால் சுருண்டுவிடும். சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயம் கிடைக்காவிட்டால் மருந்துக்கடை அயோடினை நீர்த்து ஒரு சொட்டு. மேலே மூடும் கண்ணாடியைத் தொப்பென்று போடாமல், ஒரு ஓரத்தை வைத்து ஊசியால் தாங்கி மெல்லச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழி வரும். கரிய விளிம்போடு வட்டமாக இருக்கும் அதைத்தான் முதல் வருடப் பையன்கள் எல்லோரும் செல் என்று வரைவார்கள்.

வெங்காயம் அசையாது. அசைவதைப் பார்க்க வேண்டுமென்றால் மீன் தொட்டிக் கடையில் ஹைட்ரில்லா கேள். நுனியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, விளக்கின் சூட்டில் சில நிமிடம் காட்டி, நடு நரம்புப் பக்கம் பார்க்கச் சொல். பச்சை மணிகள் செல்லின் ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தேர் சுற்றுவது போலப் போகும். பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்) அவை. பொறுமை வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது, ஒரு மணி நகரும், பிறகு தெரு முழுக்க நகரும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் கல்லூரி மணி அடிக்கும் நேரம் தாண்டியதுகூடத் தெரியாமல் நின்றேன். மணி அடிக்க வேண்டியவனே நான்தான்.

ராஜ்மா அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விதை, பயறு அனுப்பினால் ஆஸ்திரேலியாவில் தடுத்துவிடக்கூடும் என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்குப் பதிலாக உன் அம்மா பின்னல் கூடையிலிருந்து ஆரஞ்சு நிறக் கம்பளி நூல் ஒரு உருண்டை கொடுத்திருக்கிறாள், இந்தக் கவரிலேயே இருக்கிறது. "என் பங்கு, நானே அனுப்புகிறேன்" என்றாள். அந்த மூன்று பிளாஸ்டிக்கையும் எடுத்துவிட்டு, நூலை நீளமும் குட்டையுமாக வெட்டி, உட்கருவைச் சுற்றி நெருக்கமாக ஒட்டச் சொல். எத்தனை என்று எண்ண வேண்டாம்.

அவள் டீச்சர் கேட்டால் தாத்தா சொன்னார் என்று சொல்லட்டும். மதிப்பெண்ணைக் குறைத்தால் அவருடைய மின்னஞ்சல் முகவரியை எனக்கு அனுப்பு. நான் தமிழில் எழுதுகிறேன், நீ ஆங்கிலத்தில் மாற்றிக் கொடு.

அன்புடன்,
அப்பா

பின் குறிப்பு: அம்மா தைலம் தேய்த்துக்கொண்டாள். நீ சொன்னதாகச் சொன்னேன்.