விதைக்கும் முன்பே எண்ணெய் வரியைச் சொல்லிவிடுங்கள்

மாண்புமிகு ஒன்றிய நிதி, வர்த்தக, வேளாண் துறை அமைச்சர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிற விவசாயி எழுதுகிறேன். வரியைப் போடுவது ஒருவர், இறக்குமதி விதியைப் பார்ப்பது ஒருவர், எண்ணெய் வித்துகளை அதிகம் பயிரிடுங்கள் என்று எங்களிடம் சொல்வது ஒருவர். அதனால்தான் மூன்று பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிந்துதான் நடக்கிறதா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு இறக்குமதி வரியை, மேல்வரியெல்லாம் சேர்த்து, 27.5 சதவீதமாக உயர்த்தினீர்கள். அடுத்த மாதமே 10,103 கோடி ரூபாயில், நம் நாட்டிலேயே எண்ணெய் வித்து விளைச்சலைப் பெருக்கும் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தீர்கள். சரி, இந்தத் தடவை நம்மையும் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டோம், கேழ்வரகு போட்ட நிலத்தில்கூட சிலர் மல்லாட்டை போட முடிவு செய்தார்கள். 2025 மே 30 அன்று அந்த வரி 16.5 ஆக இறங்கிவிட்டது. ஒன்பது மாதம்கூட முழுதாக நிற்கவில்லை.

அது வைகாசி மாதம். கோடை மழைக்கு உழுது வைத்துவிட்டு விதைக்குக் காசு தேடுகிற நேரம். ஏக்கருக்கு ஐம்பது அறுபது கிலோ விதைப் பருப்பு வேண்டும், எங்களுக்கு மொத்தச் செலவில் பெரிய செலவே அதுதான், வீட்டு நகை வங்கிக்குப் போவதும் அந்த மாதத்தில்தான். அப்புறம் களை வெட்டி, ஜிப்சம் போட்டு மண் அணைத்து, காட்டுப்பன்றிக்காக ராத்திரி முழுக்கக் கொல்லையில் காவல் கிடந்து, பிடுங்குகிற வாரத்தில் மழை பிடித்தால் காய் செடியிலேயே முளைத்துவிடுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஆள் கூலி கொடுத்துக் காயைப் பறித்துக் காயவைத்து, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறோம்.

நிலக்கடலைக்கு 2025-26க்கு நீங்கள் அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். நாற்பது கிலோ மூட்டைக்கு 2,905 ரூபாய் வர வேண்டும். மறைமுக ஏலத்தில் என் காய்க்கு விழுந்தது அதைவிட நானூறு ரூபாய்க்கு மேல் குறைவு. ஏன் என்று கேட்டேன். "எண்ணெய் விலை இறங்கிக் கிடக்குதுங்க, மில்லுக்காரங்க எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார் வியாபாரி. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கட்டுப்படியாகவில்லை என்றால் விற்காமல் எடுத்துப் போகலாம் என்று விதி இருக்கிறது. எங்கே எடுத்துப் போவது? திரும்பவும் வண்டி வாடகை கொடுக்க வேண்டும், வீட்டில் வைக்க இடமில்லை, நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றுவிட்டு வந்தேன். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் விற்றுவிட்டுத்தான் வந்தார்கள்.

கேட்பது ஒன்றுதான். விதைப்பதற்கு முன்னால் வரியைச் சொல்லுங்கள், அறுவடை முடிந்து காய் விற்கும்வரை அதை மாற்றாதீர்கள்.

அடுத்தது நேபாளம் வழியாக வரும் எண்ணெய். தெற்காசிய நாடுகளின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2006 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் இல்லாத நாடுகளிலிருந்து சுத்திகரித்த எண்ணெய் வந்தால் 35.75 சதவீதம் வரி. நேபாளத்திலிருந்து வந்தால் வரியே கிடையாது. சோயாவை அப்படியொன்றும் பெரிதாக விளைவிக்காத நாடு அது, ஆனால் அதன் ஏற்றுமதியில் சோயா எண்ணெய் முதலிடத்துக்கு வந்திருக்கிறது. அர்ஜென்டினா போன்ற நாடுகளின் கச்சா எண்ணெயை வாங்கி, எல்லையை ஒட்டிய ஆலைகளில் சுத்திகரித்து இங்கே அனுப்புகிறார்கள். நேபாள விவசாயி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் கடுகு விளைவித்து, அந்த எண்ணெய் வரியில்லாமல் வந்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பக்கத்து நாடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இந்த எண்ணெயில் அவர் நிலத்து விதையே இல்லையே! லாபம் நடுவில் இருப்பவர்களுக்கு, நஷ்டம் எனக்கு.

இது உங்களுக்குப் புதிதும் இல்லை. 2000-இல் இலங்கையோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபிறகு வனஸ்பதி அந்த வழியாக இப்படித்தான் வந்தது, பிறகு மிளகு வந்தது. மிளகுக்கு 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தீர்கள். சரக்கு உண்மையில் எங்கே விளைந்தது என்று இறக்குமதியாளரிடம் சுங்கத் துறை கேட்கலாம் என்று 2020 செப்டம்பரில் விதியும் கொண்டுவந்தீர்கள். அந்த விதியை எண்ணெய் லாரிகளிடமும் கண்டிப்பாகக் காட்டுங்கள்.

நகரத்தில் எண்ணெய் விலை ஏறக்கூடாது என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் எண்ணெய் விலை ஏறினால் உடனே இறக்குமதி வரியைக் குறைக்கிறீர்கள், வெங்காய விலை ஏறினால் உடனே ஏற்றுமதியை நிறுத்துகிறீர்கள், இரண்டிலும் அடி விழுவது விளைவித்தவன் மேல்தான். 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து, 2024 மே மாதம்தான் எடுத்தீர்கள், அதுவும் 40 சதவீத ஏற்றுமதி வரியோடு. நாசிக் விவசாயிக்கு விலை விழுந்தது, நம்மை நம்பியிருந்த வங்கதேசம் வேறு நாடுகளைத் தேடிப் போனது. 2019-இல் இதே போலத் தடை போட்டபோது, அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டெல்லிக்கே வந்து, முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு இடத்தில் ஏற்பாடு செய்திருப்போமே என்று மேடையில் சொன்னார். ஒரு நாட்டின் பிரதமருக்கே முன்னறிவிப்பு கிடைக்காதபோது அணைக்கட்டு மானாவாரி விவசாயிக்கு எப்படிக் கிடைக்கும்?

எங்கள் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மல்லாட்டை பறிக்கிற பெண்களும் அதைத்தான் வாங்கிப்போய்ச் சமைக்கிறார்கள், அவர்கள் வாங்கும் கூலிக்குக் கடலை எண்ணெய் கட்டாது. நம் ஊர்க் கடலை எண்ணெயை அங்கே கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அது மாநில அரசோடு பேச வேண்டிய விஷயம், அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். ஆடிப்பட்டத்துக்கான வரியை சித்திரை முடிவதற்குள்ளும், மார்கழிப் பட்டத்துக்கானதை ஐப்பசி முடிவதற்குள்ளும் அறிவித்துவிடுங்கள். அந்தப் பட்டத்துக் காய் விற்று முடியும்வரை அதைத் தொடாதீர்கள். நடுவில் குறைத்தே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், குறைக்கிற அன்றே எங்கள் விற்பனைக் கூடங்களில் ஆதார விலைக்குக் கொள்முதல் தொடங்க உத்தரவு போடுங்கள். இதில் எது முடியும், எது முடியாது என்று மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே பதிலாக எழுதினால் நன்றியுள்ளவனாக இருப்பேன். அடுத்த விதைக்கு நகையை வைப்பதற்கு முன்னால் அந்தப் பதில் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மல்லாட்டை விவசாயி ஒருவர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்