கம்பளம் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஷார்ஜாவில் நாங்கள் எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது.

சரி, கம்பள விஷயம். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேலே சிவப்பு வேறு மாதிரி இருக்கிறதே, கழித்துப்போட்ட சரக்கைக் கடைக்காரன் உன் தலையில் கட்டுகிறானா?" என்று கேட்டிருந்தாய். இல்லடா. எனக்குப் பிடித்ததே அந்தச் சிவப்புதான்.

அது காஷ்காய்ப் பெண்கள் நெய்தது. ஈரானில் ஷிராஸைச் சுற்றிய ஃபார்ஸ் பகுதி மேய்ச்சல்காரர்கள் அவர்கள். கோடையில் ஜாக்ரோஸ் மலை, குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கத்துத் தாழ்நிலம் என்று ஆடுகளோடு போய்வருவார்கள். தறி தரையோடு தரையாகக் கிடக்கும். இரண்டு கட்டை, நான்கு முளை, அவ்வளவுதான். கிளம்பும் நாள் வந்தால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தைக் கட்டையோடு சுருட்டி ஏற்றிவிடுவார்கள். அடுத்த இடத்தில் முளை அடிக்கும்போது பாவு, அதாவது நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல், பழைய விறைப்பில் நிற்காது, ஓரம் கோணிவிடும். நூல் தீர்ந்தால் புதிதாக நூற்று, சிவப்புக்கு மஞ்சிட்டிச் செடியின் வேரில் மறுபடி சாயம் காய்ச்ச வேண்டும். தண்ணீர் வேறு, வேர் வேறு. கையால் நூற்ற நூல் ஒரே சீராகச் சாயம் குடிப்பதும் இல்லை. அப்புறம் சிவப்பு எப்படி ஒன்றாக இருக்கும்? இப்படி நிறம் மாறி வருவதைக் கடைக்காரர்கள் அப்ராஷ் என்கிறார்கள்.

திருப்பிப் போட்டும் பார்த்தேன். பாவு, குறுக்கே ஓடும் ஊடை, முடிச்சு எல்லாமே செம்மறி ஆட்டு ரோமம். ஒரு மூலையில் ஆடு ஒன்று, இடம் போதாமல் கொம்பு கரைக்குள் நீண்டிருக்கிறது. வரைபடம் எதையும் பார்க்காமல், அம்மாவிடம் கற்றதை நினைவில் வைத்து நெய்கிறவர்கள். அந்தக் கொம்பை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா!

1930களில் ஈரான் மன்னர் ரேசா ஷா இந்தக் காஷ்காய் மக்களை வலுக்கட்டாயமாக ஊர்களில் குடியமர்த்தினார். அவர் ஆட்சி போன பிறகு பலர் மலைக்குத் திரும்பினார்கள். இன்று பெரும்பாலோர் ஊரோடு தங்கிவிட்டார்கள். ஃபார்ஸ் கம்பள நெசவை யுனெஸ்கோ 2010-இல் தன் மரபுக் கலைகள் பட்டியலில் சேர்த்தது, சந்தோஷம்தான். ஆனால் வாங்குகிறவன் ஒரே சீரான நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், நெய்கிறவள் எத்தனை நாள் வேர் காய்ச்சுவாள்? அதனால்தான் உன்னிடம் இவ்வளவு சொல்கிறேன்.

உனக்கும் ஒன்று பார்க்கட்டுமா? கூடத்தை அளந்து எழுது. வெயில் நேராக விழாத இடமாக இருக்கட்டும்.

அன்புடன்,
செல்வம்